அக்காவின் சாட்சியம்

அறுபத்தாறு வயதில் முதுகலை படிக்கப் போனேன். பரீட்சை மண்டபத்தின் பதினான்கு மின்விசிறிகளும் போட்ட இரைச்சலைத் தாங்க முடியாமல் இரண்டு தடவை பாதியில் எழுந்து வந்துவிட்டேன். எனக்கு ஆட்டிசம் என்று மருத்துவர் கடிதம் கொடுத்தால் பரீட்சை எழுதத் தனி அறை கிடைக்கும். ஆனால் என் சிறுவயதை அறிந்த ஒருவரிடம் விசாரிக்க வேண்டும் என்றார் மருத்துவர். உயிரோடு இருப்பது சம்பூரிலுள்ள அக்கா மட்டும்தான். இரண்டு பஸ் மாறி அவரைத் திருகோணமலைக்குக் கூட்டி வந்தேன்.

மருத்துவர் கேட்ட முதல் ஒன்பது கேள்விகளுக்கும் அக்கா ஒரே பதிலைச் சொன்னார்.

"அப்பிடி ஒண்டும் இல்லை டொக்டர். என்ர தம்பி நல்ல பிள்ளை."

கலியாணம் பேச வந்தவர்களுக்குச் சொல்வதுபோல இருந்தது. எனக்கு அலுத்துவிட்டது.

"உள்ளதைச் சொல்லுங்கோ அக்கா. இனி என்னால மறைக்க ஏலாது."

அக்கா மெதுவாகச் சொன்னார்.

"கலியாண வீட்டில மேளம் அடிச்சா இவன் கட்டிலுக்குக் கீழ போயிடுவான். நானும் போய் இவன்ர காதைப் பொத்திக்கொண்டு இருப்பன். ஆரும் கேட்டா, பிள்ளைக்குக் காய்ச்சல் எண்டு சொல்லுவன்."

மருத்துவர் எழுதத் தொடங்கினார். கடிதமும் கிடைத்தது.

அடிக்கடி காய்ச்சலில் விழுந்த பிள்ளை நான் என்றே இத்தனை வருடமும் நம்பியிருந்தேன். அந்தக் காய்ச்சல்களில் அக்கா சும்மா சொன்னவை எத்தனை என்று எண்ணிப் பார்க்கிறேன். கணக்கு வரவில்லை.