மலைக்குப் பின்னால் வெயில்

கீழ்பென்னாத்தூரில் கடலை மண்டிக் கணக்கராக இருக்கும் அப்பாதுரையைச் சுற்றுவட்டாரப் பள்ளிக்கூடங்கள் வினாடி வினா நடத்தக் கூப்பிடுவது உண்டு. காலையில் என்றால் வருவார். சாயங்காலம் என்றால், அதிலும் திருவண்ணாமலையில் என்றால், வர மாட்டார். "இருட்டுன்னா சாருக்கு பயம்" என்று பிள்ளைகள் கிண்டல் செய்வார்கள். அவரும் மறுத்ததில்லை.

திருவண்ணாமலைக் கல்லூரியில் படித்த காலத்தில் அப்பாதுரைக்கு எதற்கும் பயம் கிடையாது, தோற்பதைத் தவிர. ஓட்டப்பந்தயத்தில் கடைசியாக வந்தாலும் சிரித்துக்கொண்டே வருவான். ஒரு கேள்விக்குப் பதில் தெரியாமல் நின்றால் மட்டும் அன்றிரவு சோறு இறங்காது. விடுதிப் பையன்கள் அவனுக்கு 'மணி' என்று பெயர் வைத்திருந்தார்கள். மேடையில் மேசை மணியை அவன் அடிப்பதற்குள் வேறு யாரும் கையை நீட்டியதில்லை.

ஒருத்தி நீட்டினாள். 1976இல் வேலூரில் நடந்த மாவட்டப் போட்டியில் குணமதி என்ற பெண் ஒரே கேள்வியில் அவனைத் தோற்கடித்தாள். போளூர்ப் பக்கத்தில் ஒரு சமணக் குடும்பத்துப் பெண். பரிசை வாங்கிக்கொண்டு நேராக அவனிடம் வந்தாள். "கடைசிக் கேள்வி எனக்கும் சரியா தெரியாதுங்க. குருட்டாம்போக்குல சொன்னேன்" என்றாள். ஆறுதலாகத்தான் சொன்னாள். அந்த ஆறுதல் ஓராண்டு முழுக்க அவனை அரித்தது.

அடுத்த புரட்டாசியில் போட்டி அவனுடைய கல்லூரிக்கே வந்தது. தலைமை விருந்தினர் தாமதமாக வந்தார், மின்சாரம் போனது, அரங்கத்துக் கடிகாரம் நின்றே பல நாளாகியிருந்தது. கடைசிச் சுற்று முடிந்தபோது அவனும் குணமதியும் சமமாக நின்றார்கள். கேள்வி கேட்ட பேராசிரியர் மூர்த்தி எழுந்தார். "கொஞ்ச நேரம் இடைவேளை. அப்புறம் ரெண்டு பேருக்கு மட்டும் கேள்வி. முதல்ல மூணு பதில் சொல்றவங்க ஜெயிச்சவங்க" என்றார்.

பின்வரிசையில் குணமதியின் தாய் ராஜமதி தூக்குப் பாத்திரத்தோடும் சொம்போடும் உட்கார்ந்திருந்தாள். "விரத நாளும் அதுவுமா காலையிலேருந்து தண்ணிகூட குடிக்கலை. வந்து ஒரு வாய் சாப்டும்மா."

குணமதி கைகழுவி வந்து உட்கார்ந்தாள். ராஜமதி மூடியைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்து ஜன்னல்களில் இருந்த வெயில் அணைந்தது. விளக்கை ஊதியது போல, ஒன்றன்பின் ஒன்றாக. ராஜமதி எழுந்து மேற்கே பார்த்தாள். மலை கறுப்பாக நின்றது. சூரியன் இல்லை.

"பொழுது போயிடுச்சே."

"பரவால்லம்மா. காலையில பாத்துக்கலாம்."

மூடி மறுபடி பாத்திரத்தின் மேல் உட்கார்ந்தது. சொம்புத் தண்ணீரும் அப்படியே இருந்தது. பொழுது சாய்ந்த பிறகு சமணர்கள் தண்ணீரும் குடிக்க மாட்டார்கள்.

அப்பாதுரைக்கு இது புதிதல்ல. அவனுடைய அறைத்தோழன் சந்திரப்பிரபுவும் சமணன்தான். விடுதிக்கு வந்த புதிதில் அவனும் இப்படித்தான் ஏமாந்தான். மலையின் கிழக்கே இருக்கும் ஊருக்கு நிழல் முன்கூட்டியே விழுந்துவிடும் என்பது தெரியாமல் ஒரு வாரம் பட்டினி கிடந்தான். "டேய், சூரியன் மலைக்கு அந்தாண்டதான்டா இருக்கு. செங்கம் ரோட்டுல போய் பாரு, வெயில் அடிக்குது" என்று விடுதியே சிரித்தது. அவனிடம் முதலில் சொன்னதே அப்பாதுரைதான். இன்று சந்திரப்பிரபு விரதத்துக்காக ஊருக்குப் போயிருந்தான்.

அந்த அரங்கத்தில் ஒரு வார்த்தை போதும். அப்பாதுரையின் நாக்கு நுனிவரை அது வந்தது. 'கேட்டால் சொல்லலாம்' என்று நினைத்துக்கொண்டான். யாரும் கேட்கவில்லை.

பெட்ரோமாக்ஸ் விளக்கை ஏற்றி மேடையில் வைத்தார்கள். அதன் இரைச்சல் அவன் காதுக்குள்ளேயே கேட்பது போலிருந்தது. முதல் கேள்விக்கு அவன் மணியடித்தான், சரி. இரண்டாவது கேள்வி, சிவப்பு அணுக்கள் உடம்பில் எங்கே உற்பத்தியாகின்றன என்பது. குணமதி முந்திக்கொண்டாள். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை.

"சத்தமா சொல்லும்மா."

அவள் எச்சில் விழுங்கப் பார்த்தாள். விழுங்க ஒன்றுமில்லை. "எலும்பு..." என்றாள். மீதி காற்றாகப் போனது. பக்கத்து நாற்காலியில் இருந்த அப்பாதுரைக்கு 'மஜ்ஜை' என்பது தெளிவாகக் கேட்டது. மூர்த்தி கைக்கடிகாரத்தைப் பார்த்து அவன் பக்கம் திரும்பினார்.

"எலும்பு மஜ்ஜை" என்றான் அப்பாதுரை. கைதட்டல் எழுந்தது.

இப்போது அவனுக்கு இரண்டு, அவளுக்கு ஒன்றுமில்லை. மேசை விளிம்பைப் பிடித்திருந்த அவள் விரல்கள் வெளுத்திருந்தன. அப்போதுதான் அவனுக்குத் துணிச்சல் வந்தது. இரண்டு புள்ளி முன்னால் நிற்பவன் நல்லவனாக இருப்பதில் என்ன நஷ்டம்?

"ஐயா, ஒரு நிமிஷம்" என்று எழுந்தான். "இவங்க இன்னும் சாப்பிடலாங்க. பொழுது போகலை. மலைதான் மறைக்குது."

"என்னப்பா, நடுவுல?"

"மாடிக்கு வந்து பாருங்க. எங்க ஊர்ப் பக்கம் இன்னும் வெயில் இருக்கும்."

ராஜமதி பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் படியேறினாள். மொட்டை மாடியில் நின்று கிழக்கே பார்த்தார்கள். ஊரின் மேல் படர்ந்த மலை நிழல் வயல்களையும் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. வெகு தூரத்தில், கீழ்பென்னாத்தூர்ப் பக்கம், ஒரு ஏரித் தண்ணீர் மட்டும் மஞ்சளாக மின்னியது.

"அதோ" என்றான் அப்பாதுரை.

அவன் கையை நீட்டியபோதே அது சாம்பல் நிறமாகிவிட்டது.

ராஜமதி பாத்திரத்தைத் திறக்கவே இல்லை. குணமதி மெதுவாகக் கேட்டாள். "கீழ மூடியை மூடினப்பவே உங்களுக்குத் தெரியுமா?"

பதில் தெரிந்தும் அவன் வாய் திறக்காத முதல் கேள்வி அது.

கீழே வந்து மூன்றாவது புள்ளியையும் எடுத்தான். முதலில் கைதட்டியது குணமதிதான்.

மாநிலப் போட்டிக்கு மாவட்டத்தின் முதல் இருவரும் ஒரே அணியாகப் போக வேண்டும் என்பது அந்த ஆண்டு வந்த விதி. அடுத்த மாதம் சென்னையில் இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். மணி அவள் பக்கம் இருந்தது. சாயங்கால இடைவேளையில் அவள் தூக்குப் பாத்திரத்தை எடுத்தாள். "இன்னும் பொழுது இருக்குதுங்க, தாராளமா சாப்பிடலாம்" என்றான் அவன். அவள் தலையாட்டினாள். பிறகு எழுந்து வெளியே போய், தானே வானத்தைப் பார்த்துவிட்டு வந்து சாப்பிட்டாள்.

கடைசிக் கேள்வி வந்தது. மூன்று அணிகள் சமமாக நின்றன. அப்பாதுரைக்குப் பதில் தெரியும், துளி சந்தேகமில்லை. "எனக்குத் தெரியும். அடிங்க" என்று கிசுகிசுத்தான்.

குணமதியின் கை மணிமேல் இருந்தது. அவள் திரும்பி அவன் முகத்தைப் பார்த்தாள். அன்றைக்கு அவள் தாய் பொழுது இருக்கிறதா என்று மேற்கே பார்த்த அதே பார்வை.

பக்கத்து மேசையில் மணி அடித்தது.