அறுபது அறைக்கும் ஒரே சாவி

அந்தப் பெண்கள் விடுதியின் வார்டனுக்கு ஐம்பத்திரண்டு வயது. கணவர் போனபிறகு பதினோரு வருடமாக வேலையும் அங்கேதான், குடித்தனமும் அங்கேதான். அறைக்கொரு சாவி. அறுபதையும் திறக்கும் மாஸ்டர் சாவி அவர் இடுப்பில். குளிக்கும் நேரம் மட்டும் அலுவலக ஆணியில் தொங்கும்.

ஒருநாள் குளித்துவிட்டு வந்து சாவியை எடுத்தபோது விரல் வழுக்கியது. பற்களுக்கிடையே வெள்ளையாக ஏதோ அப்பியிருந்தது. சுரண்டி முகர்ந்தார். சோப்பு.

விடுதிக் கதவுகளுக்குப் பூட்டு பொருத்திக் கொடுத்தவரை வரவழைத்தார்.

"சோப்புல அழுத்தி அச்சு எடுத்திருக்காங்கம்மா. இன்னொரு சாவி வெட்ட அரை மணி நேரம் போதும்."

"ஒரு பூட்ட மாத்தினா சரியாகாதா?"

"எதன்னு மாத்துவீங்க? பூட்டுக்குள்ள குட்டிக் குட்டியா பின் இருக்கு. ஒவ்வொண்ணும் ஒரே இடத்துல ரெண்டா பிரிஞ்சா ஒரு சாவிக்குத்தான் திறக்கும். மாஸ்டருக்காக இன்னொரு இடத்துலயும் வெட்டி விட்டிருக்கு. அறுபதுலயும் அதே வெட்டு. உங்களுக்கு வசதி, அவனுக்கும் வசதி."

அவனுக்கு! வார்டன் சாவியை இடுப்பில் செருகி முந்தானையால் மூடினார். வெளியே சொன்னால் வேலையும் போகும், இருக்க இடமும் போகும். வாயை மூடிக்கொண்டிருந்தால் என்ன?

அப்போது இரவுப் பணி முடிந்து வந்த நர்ஸ் பெண் படியேறினாள். "அம்மா, அடிச்சுப்போட்ட மாதிரி தூங்கப் போறேன். எழுப்பிடாதீங்க!"

வார்டனால் தாங்க முடியவில்லை. "உள்தாழ்ப்பாள் போட்டுக்கோ கண்ணு" என்றார். சாயங்காலம் எல்லாப் பெண்களையும் கூட்டி, "சாவிய ஆணியில விட்டது என் தப்பு" என்று உடைத்துச் சொன்னார். முதலாளி வாய்க்கு வந்தபடி திட்டினார். புதுப் பூட்டு வர நான்கு நாள் ஆகும் என்றார்கள்.

மூன்றாம் நாள் மத்தியானம். இரவுப் பணி முடிந்து தூங்கும் நர்ஸைத் தவிர எல்லோரும் வேலைக்குப் போயிருந்தார்கள். இரண்டாம் மாடியில் சாவி திரும்பும் சத்தம். வார்டன் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஏறினார். நர்ஸின் அறை வாசலில், விடுதிக்கு வழக்கமாக வரும் குழாய் ரிப்பேர்க்காரர். பூட்டு திறந்துவிட்டது. தாழ்ப்பாள் விடவில்லை. தோளைக் கொடுத்து மெல்ல அழுத்திக்கொண்டிருந்தார்.

வார்டன் கையிலிருந்த செருப்பால் கைப்பிடிக் கம்பியில் ஓங்கி ஓங்கி அடித்தார். அந்த ஆள் திரும்பினார். முகத்தில் பதற்றமே இல்லை. "குழாய் ஒழுகுதுன்னாங்க" என்றார். அதற்குள் காவலாளி ஓடிவந்து பிடித்துக்கொண்டார்.

புதுப் பூட்டுகளுக்கு மாஸ்டர் வேண்டாம் என்று பெண்களே சொல்லிவிட்டார்கள். அடுத்த மாதம் ஒருத்தி பூட்டிய அறைக்குள் மயங்கி விழுந்தபோது, திறக்க வேறு சாவி இல்லாமல், கதவை உடைக்கப் பத்து நிமிடம் ஆனது. பிழைத்துக்கொண்டாள். அந்தப் பத்து நிமிடமும் வார்டன் சுவரைப் பிடித்தபடி நின்றிருந்தார்.