ரொட்டி மேல் ஆணை

ஆஜான் முராதலியைப் பற்றி எங்கள் ஊரில் இரண்டு கதை உலவுகிறது. பங்கு வாங்கிக்கொண்டு ஜனங்களைக் காட்டிக்கொடுத்தவன் என்பது ஒன்று. மேலதிகாரி ஆட்டிவைத்தபடி ஆடிய தலையாட்டி பொம்மை என்பது இன்னொன்று. இரண்டையும் நாக்கில் நரம்பில்லாமல் சொல்கிறவர்கள், அன்றைக்கு அந்த ரொட்டி வரிசையில் நிற்காதவர்கள். நான் நின்றேன். எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

ஆஜான் என்றால் எங்கள் பக்கத்தில் போலீஸ்காரன். முராதலி போலீஸாக வந்தவன் அல்ல, பசியாக வந்தவன். முந்தைய உலகப்போரின் பஞ்சத்தில் அப்பாவும் அம்மாவும் ஹமதான் சாலையிலேயே விழுந்துவிட, தங்கை தாவூஸைத் தோளில் போட்டுக்கொண்டு எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தான். ரொட்டிக்கடைக்காரர் கஃபூரின் தகப்பனார்தான் இரண்டு பேரையும் அடுப்புச் சுவர் ஓரமாகப் படுக்க விட்டு, உடைந்த ரொட்டி விளிம்புகளைக் கொடுத்து வளர்த்தார். கீழே கிடக்கும் ரொட்டியை எடுத்து முத்தமிட்டு, கால் படாமல் சுவர்ப் பொந்தில் வைப்பது எங்கள் ஊரில் எல்லாரும் செய்வது. முராதலி அதற்கு முன் போலீஸ் தொப்பியையும் கழற்றுவான்.

எங்கள் ஆட்கள் சத்தியம் செய்யக் கஞ்சத்தனம் பார்க்க மாட்டார்கள். கத்திரிக்காய் பேரத்துக்கே தகப்பன் கல்லறையைச் சாட்சிக்கு இழுப்பார்கள். ரொட்டியைத் தொட்டு மட்டும் விளையாட்டுக்குச் சொல்ல மாட்டார்கள். சொல்லிவிட்டால் அத்தோடு பேச்சு முடிந்தது. முராதலி அப்படி ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. அவனுக்குத் தேவைப்படவில்லை. அவன் வெறுமனே சொன்னாலே ஊர் நம்பியது.

பிறகு அடுத்த உலகப்போரில் இங்கிலீஷ்காரன் தெற்கிலிருந்து வந்தான், ரஷ்யாக்காரன் வடக்கிலிருந்து வந்தான். எங்கள் ராஜாவை நாட்டைவிட்டு அனுப்பிவிட்டு, எங்கள் சாலையில் அவர்களுடைய லாரிகளை ஓட்டினார்கள். கோதுமை எங்கே போயிற்று என்று யாரைக் கேட்டாலும் இன்னொருத்தனைக் கைகாட்டினார்கள். மூட்டையைப் பதுக்கினால் விலை ஏறும் என்று தெரிந்த புண்ணியவான்களுக்கும் அப்போது குறைவில்லை. கூழாங்கல் அடுப்பில் கையகலக் குமிழ் விட்டு வெந்த எங்கள் சங்கக் ரொட்டி கறுத்துப்போனது. பார்லி, உமி, மரத்தூள் எல்லாம் அதில் கலந்திருந்தது.

"இத இன்னும் கொஞ்ச நாள் தின்னா, வயித்துக்குள்ளயே மேசை நாற்காலி செஞ்சிரலாம்" என்பாள் கதம்கைர். பெண்கள் குளியல் கூடத்தில் முதுகு தேய்க்கிறவள். அவள் வாய்க்கு அதிகாரி, ஹாஜி என்ற வித்தியாசமே கிடையாது.

கஃபூர் கடை வரிசையைக் காப்பது முராதலியின் வேலை. எங்கள் வழக்கப்படி ஒரே ஒரு ரொட்டி வாங்குகிறவர்களுக்குத் தனி வரிசை, அவர்களுக்குத்தான் முதல் கை. நாலைந்து வாங்குகிறவர்கள் பொறுத்துத்தான் ஆகவேண்டும். பஞ்சத்தில் எல்லாருமே ஒரு ரொட்டிக்காரர்களாகிவிட்டார்கள். அடிதடி வரும். முராதலி தடியைத் தூக்கியதே இல்லை. "தாயி, உனக்கு முன்னால அந்த நீலச் சால்வை. நான் பார்த்தேன்" என்பான். சண்டை அடங்கிவிடும்.

அப்போது ஒரு புது உத்தரவு வந்தது. பக்கத்து ஊர்களில் கடைகளை உடைத்துவிட்டார்களாம். அதனால் தெருவில் ஐந்து பேருக்கு மேல் கூடக்கூடாது, ரொட்டி வரிசைக்கு மட்டும் விலக்கு. முராதலி இதை வாசித்துக் காட்டியபோது கதம்கைர் கேட்டாள்:

"அப்ப நாங்க அழணும்னாலும் ரொட்டிக்கடை வாசல்ல வந்துதான் அழணுமா, ஆஜான்?"

"வரிசையில நின்னு அழு, தாயி. ஒருத்தனும் ஒண்ணும் கேக்க முடியாது."

பனி விழ ஆரம்பித்த மாதத்தில் கஃபூருக்கு மாவு வருவது நின்றுபோனது. நாலாம் நாள் காலை, கடை வாசலில் பெண்கள் ரொட்டி கேட்கவில்லை. கோதுமை வியாபாரி ஹாஜி மலேக்கின் கிடங்கைப் பற்றிப் பேசினார்கள். கூரை வரை கோதுமை இருக்கிறதென்று அங்கே மூட்டை தூக்கியவனின் மனைவியே சொல்லிவிட்டாள். தாவூஸும் அந்தக் கூட்டத்தில் நின்றாள். அவள் விதவை. ஒரே மகள் பெஹ்ஜத் வீட்டில் காய்ச்சலோடு படுத்திருந்தது. அண்ணனையும் சேர்த்து மூன்று பேரும் ஒரே அறையில்தான் இருந்தார்கள்.

"கேட்டுப் பாப்போம். குடுக்கலன்னா கதவ ஒடைப்போம். எம்புள்ள கண்ணு முன்னால காயுது" என்றாள் தாவூஸ்.

முராதலி பயந்துபோனான். கிடங்கு வாசலில் ஆயுதப் போலீஸான ஜெண்டர்மேக்காரர்கள் துப்பாக்கியோடு நிற்பது அவனுக்குத் தெரியும். காவல் நிலையத்துக்கு ஓடினான்.

அதிகாரி பஹ்ராமி காலைச் சாப்பாட்டில் இருந்தார். கையில் ரொட்டி, எதிரே பாலாடைக்கட்டி. வெள்ளை ரொட்டி. முராதலி சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு அவர் சிரித்தார்.

"அவ்வளவுதானா? மத்தியானத்துக்குள்ள ஹமதான்லருந்து மாவு லாரி வருதுப்பா. அதுவரைக்கும் அவங்கள அங்கயே உக்கார வை. உன் பேச்சக் கேப்பாங்க."

"நெசமாவா ஐயா? சும்மா சொல்லி நிறுத்தினா பாவம் சேரும்."

பஹ்ராமி கையிலிருந்த ரொட்டியை மேசையில் வைத்து, அதன்மேல் உள்ளங்கையைப் பதித்தார்.

"இந்த ரொட்டி மேல ஆணை. லாரி வரும். போதுமா?"

இந்த இடத்தில்தான் ஊரில் கெட்டிக்காரர்கள் உச்சுக் கொட்டுவார்கள், இப்படியா ஏமாறுவான் ஒருத்தன் என்று. வேறு எதன்மேல் சொல்லியிருந்தாலும் முராதலி இரண்டாவது தடவை கேட்டிருப்பான். அவன் அறிந்த உலகத்தில் ரொட்டியைத் தொட்டுப் பொய் சொல்கிற மனிதன் கிடையாது. இந்தச் சந்தேகம் எங்களில் எவனுக்கு வந்திருக்கும்? எனக்கு வந்திருக்காது.

திரும்பி வந்தபோது கூட்டம் கிளம்பத் தயாராக இருந்தது. முராதலி கஃபூர் கடைக்குள்ளிருந்து காய்ந்த ரொட்டித் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, எல்லாரும் பார்க்கத் தூக்கிப் பிடித்தான்.

"மத்தியானத்துக்குள்ள மாவு வருது. இந்த ரொட்டி மேல ஆணையா சொல்றேன்."

கிளம்பியவர்கள் நின்றுவிட்டார்கள். அவன் அப்படிச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

"நீ கண்ணால பாத்தியா, ஆஜான்?" என்றாள் கதம்கைர்.

அவன் பதில் சொல்வதற்குள் தாவூஸ் முந்திக்கொண்டாள். "எங்க அண்ணன் பொறந்ததுலருந்து ரொட்டியத் தொட்டுச் சொன்னதில்ல. இன்னிக்குச் சொல்லுது. உக்காருங்கடி."

உட்கார்ந்தார்கள். பனியில், சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, இடம் பிசகாமல் வரிசையாக உட்கார்ந்தார்கள். முணுமுணுத்தவர்களைத் தாவூஸே அடக்கினாள்.

உச்சிப்பொழுதில் இரண்டு லாரிகள் வந்தன. பெண்கள் எழுந்து கைதட்டினார்கள். அதே நேரத்தில் நிலையத்து ஆள் ஒருவன் பின்வாசல் வழியாக கஃபூர் கடைக்குள் புகுந்து, முன் கதவை இழுத்துச் சாத்த வைத்தான். கடை மூடியாயிற்று. இனி அது ரொட்டி வரிசை இல்லை, சட்டவிரோதக் கூட்டம். லாரியிலிருந்து மாவு இறங்கவில்லை. ஜெண்டர்மேக்காரர்கள் குதித்தார்கள்.

கதம்கைரையும் இன்னும் பலரையும் தலைமயிரைப் பிடித்து ஏற்றினார்கள். "வரிசைங்க! இது வரிசைங்க!" என்று முராதலி கரடியாய்க் கத்தினான். நடுவில் விழுந்து இரண்டு கையையும் விரித்தான். ஒருவன் அவனை ஓரமாகத் தள்ளிவிட்டு, "ஒன் வேல முடிஞ்சுது, தள்ளு" என்றான். அதைப் பெண்கள் கேட்டார்கள். லாரியின் பின்பலகையில் நின்ற கதம்கைருக்கு அன்றைக்குக் கிண்டல் வரவில்லை. முராதலியைப் பார்த்தபடியே போனாள்.

நாங்கள் அங்கே பனியில் உட்கார்ந்திருந்த நேரமெல்லாம், பின்தெரு வழியாக ஹாஜி மலேக்கின் கிடங்கு காலியாகிக்கொண்டிருந்தது. போலீஸ் காவலோடு வண்டி வண்டியாக மூட்டைகள், அந்நியர் லாரிகள் ஓடும் பெரிய சாலைக்குப் போய்ச் சேர்ந்தன. அங்கிருந்து யார் வயிற்றுக்குப் போயின என்று ஊருக்கே தெரியும்.

முராதலி நேரே பஹ்ராமியின் அறைக்குப் போனான்.

"ரொட்டி மேல சத்தியம் பண்ணீங்களே ஐயா."

"சத்தியமா? அது என் காலைச் சாப்பாடுப்பா" என்றார் பஹ்ராமி. "லாரி வரும்னேன், வந்துச்சு. ஒரு துப்பாக்கி வெடிக்கல, ஒரு உயிர் போகல. எல்லாம் உன் புண்ணியம். வீட்டுக்குப் போ."

நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்பார்களே, அது கேள்விப்பட்ட பேச்சு. அறுத்தவன் தட்டிக்கொடுத்து வீட்டுக்கு அனுப்பியதை நான் இங்கேதான் பார்த்தேன்.

அதோடு விட்டிருந்தால்கூட அவன் பேர் பிழைத்திருக்கும். மறுநாள் பட்டப்பகலில், தெருவே பார்த்திருக்க, போலீஸ் வண்டி அவன் வீட்டு வாசலில் நின்றது. அரை மூட்டை வெள்ளை மாவை இறக்கி வைத்துவிட்டு, "ஐயா சன்மானம்!" என்று வண்டிக்காரன் உரக்கச் சொல்லிவிட்டுப் போனான். அக்கம்பக்கத்துக் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன.

முராதலி வேலையிலிருந்து வந்தபோது மூட்டை வாசலிலேயே இருந்தது. தாவூஸ் அதைத் தொடவில்லை.

"நான் வாங்கல தாவூஸ். எனக்குத் தெரியாது."

"என் மூஞ்சியில துப்பினாங்க அண்ணே. கதம்கைரோட மக துப்பினா. அவ ஆத்தா வாய அடைச்சது நான்ல? ஒன் வாய நம்பி அவங்க எல்லார் வாயயும் நான் அடைச்சேன்."

"என்னையும்தான் ஏமாத்திட்டான்."

"ஒன்ன ஏமாத்தினதுக்கு மாவு வந்திருக்கு. என்ன ஏமாத்தினதுக்கு என்ன வந்துச்சு?"

உள்ளே பெஹ்ஜத் முனகியது. தாவூஸ் மூட்டையை உள்ளே இழுத்தாள், பிசைந்தாள், சட்டியில் சுட்டாள். பெரும் பங்கைத் துணியில் கட்டி கதம்கைர் வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தாள். அந்த வீட்டில் யாரும் கதவைத் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தபோது துணி மட்டும் கிடந்தது. பசிக்கு ரோஷம் தாங்காது.

திரும்பி வந்தவள் மகளை எழுப்பி மடியில் சாய்த்துக்கொண்டாள். முராதலி விரிப்பின் எதிர்ப்பக்கம் உட்கார்ந்தான். சூடான ரொட்டியை எடுத்து இரண்டு கையாலும் ஏந்தினான்.

"தாவூஸ், இந்த ரொட்டி மேல ஆணையா..."

"வேண்டாண்ணே" என்றாள் அவள், கையை நீட்டி. "அத இங்க குடு. புள்ள திங்கட்டும்."