தண்ணீர் பதினொன்று

பரிசோதனைக்கூடத்தில் அவளுக்கு ஐஸ் அக்கா என்று பேர். பதினோரு வருடமாகக் குளிரறைச் சாவி அவள் கையில். உள்ளே போனால் மூச்சு புகையாக வரும். வெளியே வந்தாலும் அரை மணி நேரத்துக்கு விரல் நுனி வேறு யாருடையதோ போல இருக்கும். "வீட்டுக்காரர் கப்பல்ல, நான் ஐஸ்பெட்டியில. எங்க குடும்பம் அவ்வளவு சீக்கிரம் கெட்டுப்போகாது" என்று சொல்லிச் சிரிப்பாள்.

அங்கே வருவதெல்லாம் மனநலத்துக்கு மாத்திரை சாப்பிடும் பிள்ளைகளின் எச்சில். ஒரு மாத்திரையை ஒரு உடம்பு அன்றைக்கே கரைத்துத் தள்ளிவிடும். இன்னொரு உடம்புக்கு அது கைவராது. நாளுக்கு நாள் உள்ளேயே சேர்த்து வைத்துக்கொள்ளும். எது எந்த உடம்பு என்பதை மரபணு சொல்லிவிடும். கன்னத்துக்குள் தடவிய பஞ்சுக்குச்சியை வந்த அன்றே கரைசலாக்கி, சுண்டுவிரல் அளவுக் குழாயில் அடைத்து, எண் ஒட்டி அவளிடம் கொடுப்பார்கள். காப்பீட்டு அலுவலகம் அனுமதித்தவை மேல் இழுப்பறைக்குப் போகும். அனுமதிக்காதவை கீழ் இழுப்பறைக்கு. தொண்ணூறு நாளாகியும் அனுமதி வராவிட்டால் அவளே எடுத்துக் கொதிக்க வைத்து அழிக்க வேண்டும். அழித்துமிருக்கிறாள். அப்போதெல்லாம் அவை அவளுக்கு வெறும் எண்கள்தான்.

இப்போது கீழ் இழுப்பறையில் நாற்பத்து மூன்று குழாய்கள். அதில் ஒன்று அவள் மகளுடையது. எழுபத்தொன்பதாம் நாள்.

மகளுக்குப் பத்து வயது. பள்ளிக்கூட வாசலைக் கண்டாலே மூச்சுத் திணறியவளுக்கு மாத்திரை கொடுத்தார்கள். திணறல் போயிற்று. மூன்றாவது வாரம் நடக்க ஆரம்பித்தாள். படுக்கையறைக் கதவிலிருந்து அடுப்பு வரை ஏழு அடி, திரும்பி ஏழு அடி. பட்டப்பகலில், கண் சிமிட்டாமல், குதிகால் வெடிக்கும் வரைக்கும்.

"உட்காரு பாப்பா."

"நான் உட்கார்ந்துட்டேம்மா. கால்ல இருக்கிறவங்கதான் உட்கார மாட்டேங்கிறாங்க."

"யாரு?"

"தெரியல. என் காலுக்குள்ள நின்னு நடக்கிறாங்க."

ஒரு மத்தியானம் கண்ணாடி முன் நின்று திடீரென்று சொன்னாள்: "இவ என்னைவிட லேட்டா சிரிக்கிறாம்மா." ஐஸ் அக்கா எட்டிப் பார்த்தாள். கண்ணாடியில் இருந்தவள் சிரிக்கவே இல்லை.

நாத்தனார் வந்து ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்தாள். அதற்குள் முகம் வெளுத்துவிட்டது. "அண்ணி, சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்க. இவளை ஏதோ புடிச்சிருக்கு."

"மாத்திரை புடிச்சிருக்கு. ஆவியா இருந்தா நாலு திட்டு திட்டி அனுப்பிடுவேன். இதை அனுப்ப ஒரு காகிதம் வேணும்னு கேக்குறானுங்க."

அந்தக் காகிதத்தைத்தான் காப்பீட்டு அலுவலகம் மறுத்தது. இரண்டு மருந்து தோற்ற பிறகே பரிசோதனைக்கு அனுமதி என்பது விதி. தோற்றிருப்பது ஒன்றுதான். இன்னொன்று தோற்கும் வரை குழந்தை நடக்கட்டும் என்பதைத்தான் அத்தனை மரியாதையாக எழுதியிருந்தார்கள். வசதியுள்ளவர்கள் கைக்காசு கட்டி மேல் இழுப்பறைக்குப் போய்விடுகிறார்கள்.

டாக்டரம்மாவும் ஒளிக்கவில்லை. "நோய் கூடுதா, மருந்து கூடுதான்னு எனக்கே பிடிபடலம்மா. சட்டுனு நிறுத்தினா அதுவும் ஆபத்து. டெஸ்ட் வந்தா தெரியும். வரலேன்னா வியாழக்கிழமை டோஸைக் கூட்டிப் பார்க்கணும்."

திங்கட்கிழமை மேல் இழுப்பறையைக் காலி செய்து இயந்திர அறைக்கு எடுத்துப் போனாள். இயந்திரம் ஓட்டுபவரை எல்லோரும் முணுமுணுப்பு என்பார்கள். எண்களை வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருப்பார். தொண்ணூற்றாறு குழி உள்ள தட்டில் எழுபத்து மூன்று கரைசலிலிருந்தும் ஒவ்வொரு சொட்டு விட்டார். பிறகு ஒரு புட்டியிலிருந்து மீதிக் குழிகளுக்கும் ஏதோ ஊற்றினார்.

பதினோரு வருடத்தில் அவள் நின்று பார்த்தது அன்றுதான். "அது என்ன?"

"தண்ணி. ரெண்டு குழியில கட்டாயம் தண்ணி வேணும், சரிபார்க்க. மீதி சும்மா. குழி காலியா இருக்கக் கூடாதுல்ல."

"வாரா வாரமா?"

"வாரா வாரம்தான்."

அவள் குளிரறைக்குத் திரும்பினாள். இயந்திரத்தின் உறுமலுக்கு அடியில் ஏதோ கேட்டது. ஏழு அடி, ஒரு நிறுத்தம், ஏழு அடி. வீட்டிலிருந்து காதில் ஒட்டிக்கொண்டு வந்த சத்தம் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், கீழ் இழுப்பறையைத் திறந்தபோது அது நின்றது.

இருபத்தொரு குழாய்களை, நாள் அதிகமானவையாகப் பார்த்து எடுத்தாள். மகளுடைய எழுபத்தொன்பது அந்த வரிசையில் ஒன்பதாவதாக வந்தது. முணுமுணுப்பின் முன் வைத்தாள்.

"வேலை போயிடும் ஐஸக்கா."

"தண்ணிக்கு டெஸ்ட் எடுக்க உங்களுக்குச் சம்பளம். பிள்ளைகளைக் கொதிக்க வைக்க எனக்குச் சம்பளம். போனா போகட்டும்."

அவர் குழாய் எண்களை ஒவ்வொன்றாக வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு அந்தத் தட்டைக் கொட்டிவிட்டுப் புதுத் தட்டை எடுத்தார்.

புதன்கிழமை தாள் வந்தது. கணினிக்கு அந்தக் குழிகள் தண்ணீர்தான். தண்ணீர் ஒன்று, வெறுமை. தண்ணீர் இரண்டு, வெறுமை. தண்ணீர் மூன்றிலிருந்து ஒவ்வொரு தண்ணீருக்கும் ஒரு பிள்ளையின் உடம்பு இருந்தது.

"எனக்கே மயிர் கூச்செறியுது" என்றார் முணுமுணுப்பு. "தண்ணி பதினொண்ணு உங்க பொண்ணு. இந்த மருந்தைக் கரைக்கிற நொதி கிட்டத்தட்ட வேலையே செய்யல."

வியாழக்கிழமை டாக்டரம்மா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பேர் இல்ல, கையெழுத்து இல்ல. தண்ணீர்னு போட்டிருக்கு. இது ரிப்போர்ட்டே இல்லையேம்மா."

"எம் பொண்ணுக்கும் எம்பது நாளா பேர் இல்ல, டாக்டரம்மா. நம்பர்தான்."

மகள் மேஜையைச் சுற்றி நடந்துகொண்டிருந்தாள். டாக்டரம்மாவின் பேனா அவளோடு ஒரு சுற்றுச் சுற்றியது. டோஸைக் கூட்டவில்லை. படிப்படியாகக் குறைத்து வேறு மருந்துக்கு மாற்றும்படி எழுதினாள். காரணம் என்ற கட்டத்தில், 'உடம்பில் மருந்து தேங்குவதாக வலுவான சந்தேகம்' என்று எழுதினாள்.

மற்ற இருபது முடிவுகளையும் குழாய் எண்ணோடு உறையிலிட்டு, ஐஸ் அக்கா அந்தந்த மருத்துவருக்கு அனுப்பினாள்.

மருந்தைக் குறைக்கத் தொடங்கிய பன்னிரண்டாம் நாள், துணி மடித்துக்கொண்டிருந்தபோது வீட்டில் சத்தம் நின்றது.  ஓடிப்போய்ப் பார்த்தாள். மகள் அடுப்புக்கருகே தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். வெடித்த குதிகாலைத் தடவிக்கொண்டே, "இறங்கிப் போயிட்டாங்கம்மா" என்றாள்.

மறுநாள் முணுமுணுப்பு வாசலிலேயே காத்திருந்தார். "மேல இருந்து கேக்குறாங்க. தண்ணிக்கு எப்படி மரபணு வந்துச்சாம்."

"நல்ல கேள்வி. எழுத்துல கேக்கச் சொல்லுங்க. எழுத்துலயே பதில் சொல்றேன்."

குளிரறையைத் திறந்தாள். வீட்டில் நின்ற சத்தம் இங்கே நிற்கவில்லை. கீழ் இழுப்பறையில் மீதி இருபத்திரண்டு குழாய்கள். காதைப் பொத்தியும் பார்த்தாள். ஏழு அடி, ஒரு நிறுத்தம், ஏழு அடி.

கதவிடுக்கில் தலையை நீட்டிக் கூப்பிட்டாள்:

"இந்த வாரம் எத்தனை குழி காலி?"