விழாமல் ஆட ஒரு தரை

என் கணவருக்குத் தன் கால் எங்கே இருக்கிறது என்று தெரியாது. கேலிக்குச் சொல்லவில்லை, டாக்டர் சொன்னது. இருபது வருடச் சர்க்கரை பாதத்து நரம்புகளைத் தின்றுவிட்டது. தரையில் நிற்கிறாரா, தலையணை மேல் நிற்கிறாரா என்பதைக் குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். மைசூர்பாகைத் தொடாதீர்கள் என்று நான் ஆயிரம் தடவை சொன்னேன். தொடவில்லைதான், என் கண்ணெதிரே.

செகந்திராபாத்தில் எங்கள் வீட்டுப் பக்கம், சைனிக்புரி காய்கறிக் கடையில் வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்துக்கொண்டிருந்தவர் தடாலென்று விழுந்தார். நாலு பேர் ஓடிவந்து தூக்கினார்கள். அதில் ஒருவர் அவருக்குக் கீழே பதினெட்டு வருடம் வேலை பார்த்தவர். அடி பலமில்லை. ஆனால் அன்றோடு மனுஷர் வாசலைத் தாண்டுவதை நிறுத்திவிட்டார். மௌலா அலி பக்கத்து ஆலையில் முப்பத்தைந்து வருடம் ஆட்களை விரட்டி வேலை வாங்கியவர், டிவிக்கு எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு, செய்தி வாசிக்கிறவர்களை விரட்டிக்கொண்டிருந்தார். நாலு மாதம். கைத்தடி ஒன்று வாங்கி வந்தேன். நல்ல கைத்தடி. அதால் பரண்மேல் இருந்த டப்பாவை இழுத்து இறக்கினார், அவ்வளவுதான். கம்பு ஊன்றிக்கொண்டு வெளியே வரமாட்டாராம்.

எனக்குப் பயம் வந்துவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்தவர் அங்கிருந்து கட்டிலுக்குப் போவார், கட்டிலிலிருந்து எங்கேயும் போகமாட்டார். என் அப்பா அப்படித்தான் போனார். இவரை எப்படியாவது எழுப்பி நடக்கவைக்காவிட்டால் நான் அவரை இழந்துவிடுவேன் என்று தெரிந்தது. வெளியே சொன்னால் அதையே சாக்காகப் பிடித்துக்கொள்வார் என்று சொல்லவில்லை. பதிலுக்கு, தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுந்தேன்.

வீட்டுக்கு வந்த பிசியோதெரபி பெண்தான் வழி சொன்னாள். ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு முன்னே, பின்னே, பக்கவாட்டில் காலை வைத்துப் பழகினால் நிதானம் திரும்புமாம். பக்கத்துத் தெரு மாடியில் ஒருவர் பால்ரூம் டான்ஸ் சொல்லித் தருகிறார், போய்ப் பாருங்கள் என்றாள். எனக்குச் சிரிப்புதான் வந்தது. ராத்திரி படுத்து யோசித்தபோதுதான் விஷயம் உறைத்தது. அந்த டான்ஸில் எல்லாருமே யாரையாவது பிடித்துக்கொண்டுதானே நிற்கிறார்கள்? கம்பைப் பிடித்தால் நோயாளி. பெண்டாட்டியைப் பிடித்தால் டான்ஸர்.

"ஏட்டி, உனக்குக் கிறுக்கு புடிச்சிருக்கா?" என்று கேட்டார். ஆனால் வகுப்பு காலை பதினோரு மணிக்கு, காலனியில் ஈ காக்கை இருக்காது என்றதும் வந்தார். அவருக்கு ஆடுவதில்கூட அவ்வளவு வெட்கமில்லை. மூன்றாம் மனிதர் எதிரே என் முதுகில் கை வைப்பதில்தான் வெட்கம். கல்யாணமான முப்பத்துநாலு வருடத்தில் கடைவீதிக்குப் போகும்போது அவர் முன்னே, நான் பத்தடி பின்னே. திருநெல்வேலியிலிருந்து கொண்டுவந்த வழக்கம், இங்கே யாரும் கேட்காமலே காப்பாற்றி வந்தோம். இப்போது இரண்டு பேரும் நேருக்கு நேர் நின்றோம். அவர் முகத்தில் இவ்வளவு மச்சம் இருப்பது எனக்குத் தெரியவே தெரியாது.

வகுப்பில் நாங்கள் இருவர் மட்டும்தான். எட்டு வகுப்பில் வால்ட்ஸ் ஒருமாதிரி வந்துவிட்டது. ஒன்று இரண்டு மூன்று, ஒன்று இரண்டு மூன்று. ஒரே தொல்லை, மூன்றுக்கு ஒருமுறை என் காலை மிதித்தார். மிதித்தது அவருக்குத் தெரியாது. நான் கத்தினால்தான் தெரியும். கத்தினால் முகம் தொங்கிப்போகும், மறுநாள் வரமாட்டேன் என்பார். அதனால் கத்தாமல் இருக்கக் கற்றுக்கொண்டேன். அந்த எட்டு வகுப்பில் நான் உருப்படியாகக் கற்றது அதுதான்.

ஒன்பதாவது வகுப்பு இல்லை. மாடியைப் பிள்ளைகளின் டியூஷனுக்குக் கொடுத்துவிட்டு மாஸ்டர் ஊரைப் பார்க்கப் போய்விட்டார். வீட்டுக் கூடத்தில் ஆடிப் பார்த்தோம். நாலாவது எட்டில் ஃபிரிட்ஜ் இடித்தது. அவர் கண் மறுபடியும் நாற்காலிப் பக்கம் போக ஆரம்பித்தது. ஆட ஒரு இடம் வேண்டும், உடனே வேண்டும்.

முதலில் எங்கள் காலனி ஹால். செயலாளர் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். என்ன நிகழ்ச்சி என்று கேட்டார். புருஷன் பெண்டாட்டி டான்ஸ் என்றேன். கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிவிட்டு 'கலாச்சார நிகழ்ச்சி' என்று எழுதிக்கொண்டார். ஹாலில் மேடைமேல் பிள்ளையார் படம் இருந்தது, ஆகவே செருப்பு, ஷூ கூடாது. கண்ணாடிமாதிரி டைல்ஸ், அப்போதுதான் ஃபினைல் போட்டுத் துடைத்திருந்தார்கள். சாக்ஸோடு முதல் எட்டு வைத்தவர் வழுக்கினார். நான் பிடித்த பிடியில் அவர் சட்டைப் பொத்தான் இரண்டு தெறித்தன. பிள்ளையார் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அவருக்கென்ன, உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்க வேண்டியதில்லை.

அடுத்தது தமிழர் சங்கம் ஒன்று. மரியாதையாகத்தான் பேசினார்கள், காபிகூடக் கொடுத்தார்கள். கை எங்கெங்கே இருக்கும் என்று விவரமாகக் கேட்டார்கள். சொன்னேன். ஒருவர் ரொம்ப யோசித்து, அதற்குப் பதில் கோலாட்டம் ஆடலாமே, நடுவில் குச்சி இருக்கும், தொடவேண்டாமே என்றார். இரண்டு பிள்ளை பெற்றவளிடம் இதைச் சொல்கிறோமே என்று அந்த மனுஷருக்குத் தோன்றவில்லை. காபியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

மூன்றாவது என் மகள் ஏற்பாடு. ஐ.டி. கம்பெனிகள் இருக்கிற பக்கம் குடியிருக்கிறாள். நான் தமிழில் கேட்டால் அவள் மூன்று மொழியில் பதில் சொல்வாள். ஞாயிறு சாயங்காலம் ஒரு ஹோட்டலில் சோஷியல் நடக்கிறது, யார் வேண்டுமானாலும் போய் ஆடலாம், "டென்ஷன் நக்கோம்மா, வெரி டீசன்ட் க்ரவுட்" என்றாள். கூட்டம் டீசன்ட்தான். விளக்குதான் இல்லை. இருந்த விளக்கும் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. காலை உணர முடியாதவருக்குக் கண்தான் கால். இருட்டில் அவருக்கு இரண்டும் இல்லை. போதாக்குறைக்கு, பிடிமானம் நன்றாக இருக்கும் என்று ஆலையில் கொடுத்த இரும்பு முனை வைத்த பாதுகாப்பு பூட்ஸைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். இரண்டு பாட்டுக்கு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நட்ட கம்பமாக நின்றார். பார்த்த பிள்ளைகள் எங்களுக்குக் காதல் முற்றிவிட்டதாக நினைத்துக் கைதட்டினார்கள். அவர் உடம்பு வெடவெடவென்று நடுங்கியது எனக்கு மட்டும்தான் தெரியும்.

திரும்பி வருகிற காரில், "இனிமே நக்கோ" என்றார். வேண்டாம் என்பதற்கு இந்த ஊர்ச் சொல். முப்பத்தைந்து வருடமாக இந்த ஊர்ப் பேச்சை வாயில் வைக்காதவர். அவர் அந்த வார்த்தையைச் சொன்னால் விஷயம் முடிந்தது என்று அர்த்தம். எனக்கு அழுகை வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஆனால் நான் விடுகிற ஜாதி இல்லை. அந்த பூட்ஸை ஒளித்துவைத்தேன். மகள் கல்யாண ரிசப்ஷனுக்கு அவருக்கு வாங்கிய கருப்பு ஷூவை எடுத்துக்கொண்டு, தோல் அடிப்பாகம் போட்டுவர செகந்திராபாத் கடைத்தெருவில் செருப்பு தைக்கிறவரிடம் போனேன். டான்ஸுக்கா என்று கேட்டார். எப்படித் தெரியும் என்றால், பக்கத்தில் இருந்த வேறொரு ஜோடியைக் காட்டினார். அதற்கும் தோல் அடி. ரயில்வே காலனியில் இருக்கிற ஆங்கிலோ இந்திய அம்மா ஒருவருடையதாம், வருடத்துக்கு ஒரு ஜோடி தேய்க்கிறாராம். எங்கே ஆடித் தேய்க்கிறார் என்று கேட்டேன். காலனிக்குள் ரயில்வேக்காரர்களின் பழைய கிளப், இன்ஸ்டிட்யூட் ஹால், ஞாயிறு நாலு மணி என்றார். ஊரெல்லாம் அலைந்தவளுக்கு, ஒரு ஷூவைத் திருப்பிப் பார்த்துவிட்டு மனுஷர் வழி சொல்லிவிட்டார்.

வீட்டில் பொய் சொன்னேன். ஸ்டேஷன் பக்கம் கண் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று அவரை ஆட்டோவில் ஏற்றினேன். ஷூவைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். வைதுகொண்டே வந்தார்.

ஹாலில் ஜன்னலெல்லாம் திறந்திருந்தது. நல்ல வெயில் வெளிச்சம். பத்துப் பன்னிரண்டு ஜோடிகள், பெரும்பாலும் எங்களைவிட வயதானவர்கள். தரை முழுக்க மரம், தேக்குப் பலகை. அவர் வாசலில் காலை வைத்தார். டொக் என்றது. நின்றார். அடுத்த காலை வைத்தார். டொக்.

"கேக்குட்டி," என்றார். "எங் காலு எனக்குக் கேக்கு."

தோல் அடியும் மரத்தரையும் சேர்ந்து, நரம்பு செய்யாத வேலையைச் செய்தன. அவர் குனிந்து பார்க்கவில்லை. என் கையைப் பிடித்தார், ஆட ஆரம்பித்துவிட்டார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்தச் சந்தோஷம் அரைச் சுற்றுதான் நீடித்தது. எதிரே வந்த ஜோடி எங்கள்மேல் மோதியது. அடுத்து இன்னொன்று. மூன்றாவதாக, பூப்போட்ட கவுன் போட்ட ஒரு அம்மா இரண்டு கையையும் விரித்து டிராஃபிக் போலீஸாக எதிரே வந்து நின்றார். செருப்பு தைக்கிறவர் சொன்ன அம்மா இவர்தான். அப்பா ஜோலார்பேட்டையில் என்ஜின் டிரைவராம், தமிழ் வெளுத்து வாங்கினார்.

"ஏம்பா, எல்லாரும் இடப்பக்கமா சுத்தி வராங்க, நீங்க ரெண்டு பேரும் மட்டும் வலப்பக்கமா வரீங்களே? இது டான்ஸும்மா. கோயில் இல்ல."

அந்த அம்மா சொன்னபிறகுதான் எனக்கே தெரிந்தது. மாடி வகுப்பில் நாங்கள் இருவரே இருந்ததால் மோத ஆள் இல்லை, மாஸ்டரும் சொல்லவில்லை. பிறந்ததிலிருந்து பிள்ளையாரை, நவக்கிரகத்தை, அரசமரத்தை என்று எதைச் சுற்றினாலும் வலமாகவே சுற்றிப் பழகிய கால்கள். ஹாலில் நடுவே ஒன்றும் இல்லாவிட்டாலும் வலமாகத்தான் போயிருக்கின்றன. உணர்ச்சியே இல்லாத அவர் கால்கள்கூட அதை மறக்கவில்லை.

சரி, இந்தப் பக்கம் போவோம் என்று திரும்பினேன். அவர் வரவில்லை. சுவரோரம் போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நாற்காலி! என்ன என்று கேட்டேன். ஷூவைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"இடமா நான் சுத்துனது ஒரே தடவதான். எங்கய்யாவுக்குக் கொள்ளிக்குடம் தூக்குனப்ப."

தோளில் குடம், மூன்று சுற்று, சுற்றுக்கு ஒரு ஓட்டை. கடைசியில் குடத்தைப் பின்னால் போட்டு உடைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போக வேண்டும். எனக்கும் தெரியும். ஆனால் சொல்வது யார்? ராகுகாலத்தில் வேண்டுமென்றே ஸ்கூட்டர் டெலிவரி எடுத்தவர். என் அம்மாவின் பஞ்சாங்கத்தில் பேன்ட் அளவு குறித்துவைத்தவர். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

"நாலு மாசமா நாற்காலில உக்காந்திருந்தீங்களே, அது எந்தப் பக்கம் சுத்துச்சு?" என்று கேட்டேன். "பயமா இருந்தா பயமா இருக்குன்னு சொல்லுங்க. வீட்டுக்குப் போயிருவோம்."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "பயமாத்தான் இருக்கு," என்றார். முப்பத்துநாலு வருடத்தில் அந்த வாயிலிருந்து நான் அதைக் கேட்டதில்லை. நானும் பயப்படுகிறேன் என்று அப்போதுதான் அவரிடம் சொன்னேன். அவர் கையை நீட்டினார். எழுந்தோம்.

இந்த ஆட்டத்தில் ஆண் முன்னோக்கிப் போவான், பெண் பின்னோக்கிப் போக வேண்டும். நான் தோளுக்கு மேலே திரும்பித் திரும்பிப் பார்த்தேன். கவுன் அம்மா எங்களைக் கடந்து போகும்போது, "பின்னாடி பாக்காதம்மா, அவர் பாத்துப்பாரு," என்று சொல்லிவிட்டுப் போனார். பார்க்கவில்லை. அவர் முகத்தை மட்டும் பார்த்தேன். நெற்றியில் வியர்வை. டொக், டொக், டொக். ஒரு சுற்று முடிந்தது. இரண்டாவது முடிந்தது. யாரும் எங்கள்மேல் மோதவில்லை. வாசலுக்கு எதிரே வந்தபோது அவர் உதடு அசைந்தது. அவரும் எண்ணிக்கொண்டுதான் வந்திருக்கிறார்.

"மூணு ஆயிட்டு," என்றார்.

போதும் என்கிறார் என்று நினைத்துக் கையைத் தளர்த்தினேன். அவர் விடவில்லை.

"எங்க போற? மூணோட நிறுத்துனாத்தாம்ட்டி அது. வா, நாலாவது போவோம்."

நாலாவது சுற்றில் ஜன்னல் மூலை திரும்பும்போது என் சுண்டுவிரல்மேல் அவர் ஷூ நச்சென்று இறங்கியது. பழக்கப்படி பல்லைக் கடித்துக்கொண்டேன். மூச்சுக்கூட விடவில்லை.

"ஸாரிட்டி," என்றார்.

நான் கத்தவில்லையே, எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

"சத்தம் வரல. பலகைன்னா கேக்கும். கேக்கலன்னா அது உங் காலு."

"தெரிஞ்சிட்டுல்லா, அப்ப எடுங்க," என்றேன்.