முனியாயி எண்ணாத கால்கள்

அழகர்மலை அடிவாரத்தில் முனியாயியைப் பிற்காலத்தில் பார்த்தவர்கள், மலை ஏறுகிற ஒவ்வொருவரையும் நிறுத்திப் பேர் கேட்பாளே, அதைத்தான் சொல்வார்கள். சாயங்காலம் பஸ் கிளம்புமுன் அத்தனை பேரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவாள். அவளுக்கு எழுதத் தெரியாது, எல்லாம் மனப்பாடம்தான். ஆனால் ஆரம்பத்தில் அவள் யாருடைய பேரையும் கேட்டதில்லை. நாற்பத்து மூன்றாம் வருஷத்து மாசியில் ஒரு நாள் ஆளை எண்ணுவதில் தப்புச் செய்தாள், ஒரு உயிர் மலையில் மாட்டிக்கொண்டது. அவள் பேச்சை நம்பி வண்டியைக் கிளப்பச் சொன்னவன் நான்தான், அதனால் இதைச் சொல்ல எனக்குப் பாத்தியதை உண்டு.

மதுரைச் சிம்மக்கல்லிலிருந்து அழகர்கோயில் போகிற பஸ்ஸில் அப்போது நான் கண்டக்டர். யுத்த காலம், பெட்ரோல் கிடையாது. பஸ்ஸின் முதுகில் ஒரு பெரிய பீப்பாயைக் கட்டி, அதில் கரியை எரித்து, அந்த வாயுவில் வண்டி ஓட்டினோம். பன்னிரண்டு மைல் போக ஒன்றரை மணி நேரம் ஆகும். வார நாட்களில் போன உடனே திரும்பிவிடுவோம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மலை ஏறுகிறவர்களுக்காகச் சாயங்காலம் ஐந்து மணிவரை நிற்போம். ஐந்துக்கு நெருப்பு நன்றாகப் பிடித்திருக்கும்போதே கிளம்பியாக வேண்டும். அரைமணி தாமதித்தால் கரி தீர்ந்துபோய், ஊருக்குள் நுழையுமுன் தல்லாகுளத்தில் எல்லாரும் இறங்கித் தள்ள வேண்டியதுதான். அந்தப் பஸ்ஸை விட்டவனுக்கு வேறு பஸ் இல்லை. மலையிலோ சிறுத்தை நடமாட்டம் உண்டு.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பாதிப்பேர் பக்தர்கள். மேலே சிலம்பாற்றில் குளித்து, ராக்காயி கோயிலில் கும்பிட்டு, தீர்த்தம் எடுத்து வருவார்கள். மீதிப்பேர் வக்கீல் குமாஸ்தாக்கள், ஜவுளிக்கடைக் கணக்கர்கள். டாக்டர் நடக்கச் சொன்னார் என்பார்கள். ஆறு நாள் உட்கார்ந்து உட்கார்ந்து வயிறு வளர்த்துவிட்டு, ஏழாம் நாள் டிக்கெட் எடுத்து வந்து கால்வலி வாங்கிக்கொண்டு போகிற ஜாதி. பாறையில் உட்கார்ந்து புளியோதரையைப் பிரித்ததும் மலையையே விலைக்கு வாங்கினவர்கள் போல முகம் மலர்ந்துவிடும்.

சாமி மலை என்பதால் பாதை தொடங்குகிற இடத்தில் செருப்பைக் கழற்றிவிட வேண்டும். அங்கே ஒரு மருதமரம் இருந்தது. ஒரு தடவை ஒரு வக்கீலின் செருப்பை நாய் தூக்கிக்கொண்டு போய்விட்டது. மறுவாரமே மரத்தடியில் முனியாயி வந்து உட்கார்ந்தாள். பக்கத்துச் சேரிக்காரி. மற்ற நாட்களில் அவளும் அவள் புருஷன் சோலையும் அடுத்தவர் வயலில் களை எடுப்பார்கள், நாற்று நடுவார்கள். அடுத்தவன் செருப்பைத் தொட மற்றவர்கள் கூசுவார்கள். அவள் தொடலாம் என்று அந்த மற்றவர்களே முடிவு செய்து வைத்திருந்தார்கள். கையில் எடுத்துக் கொடுக்க மாட்டார்கள், காலாலேயே அவள் பக்கம் தள்ளுவார்கள். நானும் அப்படித் தள்ளியிருக்கிறேன். அப்போது உறைக்கவில்லை, இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அவள் செருப்புகளை வந்த வரிசைப்படி அடுக்கிவைப்பாள். குதிங்காலில் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று பார்ப்பாள். வெளிப்பக்கம் தேய்ந்திருந்தால் கனத்த ஆள், இறங்க நேரமாகும் என்பாள். யார் யார் இன்னும் மலையில் இருக்கிறார்கள் என்பது மிச்சமிருக்கிற சோடிகளைப் பார்த்தாலே அவளுக்குத் தெரிந்துவிடும். ஏறினவர்களைக் கண்டக்டரே எண்ணினால் போதாதா என்று கேட்பீர்கள். மாட்டுவண்டி கட்டி வந்தவர்கள் திரும்பும்போது பஸ்ஸில் ஏறுவார்கள், பஸ்ஸில் வந்தவர்கள் கோயில் மண்டபத்தில் தங்கிவிடுவார்கள். என் எண்ணிக்கை ஒரு நாளும் ஒத்து வந்ததில்லை.

ஒரு தடவை ஐந்து மணிக்கு வண்டியைக் கிளப்பப் போனபோது, ஒரு சோடி இருக்கிறது என்று வந்து முன்னால் நின்றுகொண்டாள். டிரைவர் வீரணன் கத்தினார், நானும் ஏசினேன். அவள் அசையவில்லை. கடைசியில் நானே மூச்சு வாங்க மேலே ஏறினேன். ஒரு பள்ளிக்கூட வாத்தியார் பாறை மேல் துண்டை விரித்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். எழுப்பினால், "பெல் அடிச்சாச்சா?" என்று கேட்டார். அன்று தல்லாகுளத்திலிருந்து வண்டியைத் தள்ளினோம், வாத்தியாரை முன்னால் நிறுத்தித் தள்ளவிட்டேன். அதற்குப் பிறகு முனியாயி தலையாட்டாமல் வண்டி நகராது என்று ஆகிவிட்டது.

அந்த மாசி ஞாயிற்றுக்கிழமை திருமங்கலத்துப் பக்கமிருந்து ஒச்சாயி என்று ஒருத்தி வந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். கையில் ஒரு பித்தளைச் செம்பு. மகளுக்குப் பிள்ளை பிறக்கிற நேரம் நெருங்கிவிட்டது, தீர்த்தம் எடுத்துக்கொண்டு மறுநாளே ஊர் திரும்ப வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். "திரும்பி வாரதுக்கும் இந்தப் பஸ்ஸுதானய்யா?" என்று இரண்டு தடவை கேட்டாள்.

"அஞ்சு மணிக்கு வந்துரு. நிக்காது," என்றேன்.

சாயங்காலம் வழக்கம்போல எல்லாரும் இறங்கி வந்தார்கள், செருப்பை மாட்டினார்கள், இடம் பிடிக்க முண்டினார்கள். நான் படியில் நின்று முனியாயியைக் கேட்டேன்.

"எல்லாரும் எறங்கிட்டாகளா?"

அவள் மரத்தடியைத் திரும்பிப் பார்த்தாள். "எறங்கிட்டாக கண்டக்டரய்யா. ஒரு சோடியும் இல்ல."

வண்டி கிளம்பிவிட்டது. அன்று தல்லாகுளத்தில் இறங்கித் தள்ளவேண்டிய வேலை இல்லாததால் எனக்கு ஏக சந்தோஷம்.

மறுநாள் திங்கட்கிழமை. பத்தரை மணிக்கு வண்டி போய் நின்றபோது, களையெடுக்கப் போயிருக்க வேண்டிய முனியாயி மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒச்சாயி காலை நீட்டிச் சாய்ந்திருந்தாள். கணுக்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது, பச்சிலை வைத்துத் துணி சுற்றியிருந்தார்கள்.

"என்ன ஆச்சு?" என்றேன்.

முனியாயி என்னை ஓரமாக அழைத்துப் போகவில்லை, ஒச்சாயி எதிரிலேயே சொன்னாள். "நேத்து வண்டி போகவும் நானும் வீட்டுக்கு நடந்தேன். பாதி வழியில முள்ளு ஏறிருச்சு. உக்காந்து பிடுங்குறேன், என் உள்ளங்காலு எங்கண்ணுல படுது. அப்பத்தான் நெனப்பு வந்துச்சு. மலைப்பாதையில முள்ளு கெடக்குமான்னு காலையில இந்த ஆத்தா கேட்டுட்டுப் போச்சே, திரும்பி வந்து நான் பாக்கலியேன்னு."

பொழுது சாயச் சாயத் தனியாகவே மலை ஏறியிருக்கிறாள். இரண்டாவது திருப்பத்துக்குக் கீழே ஒரு பள்ளத்தில் ஒச்சாயி கிடந்திருக்கிறாள். ஒற்றை ஆளாகத் தூக்க முடியவில்லை. விட்டுவிட்டு ஆள் கூப்பிட வரவும் மனமில்லை. சுள்ளிகளைப் பொறுக்கித் தீ மூட்டி விடியும்வரை கூடவே இருந்து, காலையில் விறகுக்கு வந்த பெண்களைக் கூப்பிட்டு இறக்கியிருக்கிறாள்.

ஒச்சாயி என்னைப் பார்த்ததும் கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவளோ தன் மேல்தான் தப்பு என்பது போலப் பேசினாள். "ஆரன் அடிச்சது கேட்டுச்சுய்யா. பஸ்ஸு எனக்காக நின்னுக்கிட்டுக் கூப்பிடுதுன்னு ஓடியாந்தேன். இந்தா வாரேன், இந்தா வாரேன்னு கத்திக்கிட்டே வந்தேன். அந்த அவசரத்துலதான் காலு மடங்கிப்போச்சு. எனக்காக எம்புட்டு நேரம் நின்னீகளோ?"

முந்தின நாள் கிளம்பும்போது ரோட்டில் படுத்திருந்த ஒரு மாட்டை விரட்டத்தான் வீரணன் ஹாரன் அடித்தார். அதைக் கேட்டுவிட்டா இவள் ஓடி வந்தாள்?

"நின்னோம் ஆத்தா. ரொம்ப நேரம் நின்னு பாத்தோம்," என்றேன். வேறு என்ன சொல்ல?

"பொய் சொல்லாதீக கண்டக்டரய்யா," என்றாள் முனியாயி. அவள் என்னிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. பிறகு ஒச்சாயியின் பக்கம் திரும்பினாள். "யாரும் நிக்கல ஆத்தா. நாந்தான் போகச் சொன்னேன். செருப்பத்தான் எண்ணுனேன். ஒன்னய எண்ணல. நானும் ஒன்னய மாதிரி வெறுங்காலோட நடக்குறவதான். எனக்கே அது தோணல."

சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். முந்தின நாள் பஸ்ஸில் வந்தவர்களில் பாதிப் பேர் காலில் செருப்பு கிடையாது. அத்தனை வருஷமும் அவர்களை அவளும் எண்ணியதில்லை, நானும் எண்ணியதில்லை.

ஒச்சாயி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். செம்பை என்னிடம் நீட்டி, மிச்சமிருந்த தண்ணீர் சிந்தாமல் வைக்கச் சொன்னாள். முனியாயியின் தோளைப் பிடித்து எழுந்து, ஒற்றைக் காலால் தத்தித் தத்தி வந்து பஸ் படியில் உட்கார்ந்தாள். மூச்சு வாங்கிய பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னைக்காச்சும் என்னயச் சேத்து எண்ணிக்கய்யா."

வண்டிக்குள் பதினோரு பேர் இருந்தார்கள். பன்னிரண்டு என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்.