ஒரு விரற்கடை நாடா

என் தம்பி லிஃப்ட் மெக்கானிக். இதைச் சொன்னதும் "ஓ, அப்படியா" என்று பேச்சை மாற்றிவிடுகிறவர்கள்தான் அதிகம். மாற்றட்டும். நடுவழியில் லிஃப்ட் நின்றுபோகும்போது அவர்கள் எந்தத் தெய்வத்தைக் கூப்பிட்டாலும் வந்து நிற்கப்போகிறவன் என் தம்பிதான்.

சின்ன வயதிலிருந்தே எதையாவது தட்டிக்கொண்டிருப்பான். தண்ணீர்க் குடம், அலமாரிக் கதவு, கட்டில் கால், தூங்குகிறவர் முதுகு. வீட்டில் அவனுக்கு மத்தளம் என்று பெயர் வைத்துவிட்டோம். பின்னால் அதுவே பிழைப்பாகவும் ஆயிற்று. லிஃப்ட் கதவை ஸ்பானரால் ஒரு தட்டு தட்டி, காதை வைத்துக் கேட்டு, "உருளை தேஞ்சிருக்கு" என்பான். கழற்றிப் பார்த்தால் தேய்ந்திருக்கும். சில நாள் தேய்ந்திருக்காது. அன்றைக்கு "சீக்கிரம் தேஞ்சிடும்" என்று சொல்லி மூடிவிடுவான்.

அவன் வேலைக்குச் சேர்ந்த புதிதில், எங்கள் ஊரின் மிக உயரமான கட்டடத்துக்கு லிஃப்ட் பொருத்த வெளிநாட்டிலிருந்து ஓர் இன்ஜினியர் வந்திருந்தார். வேலை முடிந்து கிளம்பும்போது, கூடவே எடுபிடியாக நின்ற என் தம்பியிடம் ஒரு கேசட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். அட்டையில் நான்கு பேர், அதில் மூன்று பேருக்குத் தாடி. அந்த ராக் குழுவுக்கு நீளமாக ஒரு பெயர் உண்டு. அது என் வாயில் நுழையவில்லை. எங்கள் வீட்டில் அவர்கள் தாடிக்காரர்கள், தாடி இல்லாதவனையும் சேர்த்து.

ஆசை ஆசையாகக் கொண்டுவந்து எங்கள் பழைய டேப் ரிக்கார்டரில் போட்டான். அது பாட்டைத் தொடங்கிய சில நொடியிலேயே நாடாவைத் தின்றது. தம்பி சோறு தண்ணி இல்லாமல் உட்கார்ந்துவிட்டான். நான் திரைச்சீலை தைக்கும் கடையில் வேலை பார்க்கிறவள், கத்தரிக்கோல் பிடித்த கை. நாடாவை மெதுவாக வெளியே இழுத்து, கசங்கிப்போன இடத்தை ஒரு விரற்கடை அளவுக்கு வெட்டி எறிந்துவிட்டு, இரண்டு முனையையும் செலோடேப்பால் ஒட்டிக் கொடுத்தேன். மறுபடி போட்டதும் பாடியது.

அந்த முதல் பாட்டு தொடங்கும் விதமே தனி. டிரம்ஸ்காரன் மட்டும் கேள்வி கேட்பதுபோல் அடிப்பான்: தட், தட், தடதட தட். உடனே மற்றவர்கள் கைதட்டிப் பதில் சொல்வார்கள்: மூன்று தட்டு. மூன்றாவது தட்டு முடிவதற்குள் கிட்டார் ஒரு துள்ளலோடு பாய்ந்து வரும்.

"அக்கா, அந்தத் துள்ளலைக் கேட்டியா?" என்பான் தம்பி. "மத்தவனெல்லாம் நின்னு நிதானமா வருவான். இவங்க தாளத்தையே முழுங்கிட்டு வர்றாங்க பாரு. இந்த மாதிரி யோசிக்க மேதையாலதான் முடியும்."

நானும் "ஆமாடா" என்றேன். பாட்டைப் பற்றி எனக்கு என்ன தெரியும்?

கல்யாணமாகி நான் அடுத்த தெருவுக்குப் போனேன். தம்பி ஞாயிற்றுக்கிழமைதோறும் சாப்பிட வருவான், கேசட்டும் கூட வரும். என் வீட்டுக்காரர் தண்ணீர் இறைக்கும் பம்ப் செய்யும் கம்பெனியில் விற்பனை அதிகாரி. வருஷத்துக்கு ஒரு முறையாவது விமானம் ஏறுகிறவர். இறங்கி வந்த பிறகும் கொஞ்ச நாள் உயரத்திலேயே இருப்பார். இரண்டு பேரையும் ஒரே மேஜையில் உட்கார வைத்தால் வேறென்ன நடக்கும்?

"உலகம் பூரா இவங்க பாட்டுதான் அத்தான்" என்று தம்பி ஆரம்பிப்பான்.

"உலகம்னா எது மாப்ளே? நான் போன ஒரு நாட்டுலயும் ஒருத்தன்கூட இவங்க பேரைச் சொல்லலை."

"நீங்க பம்ப் விக்கப் போனீங்க. பம்ப் வாங்கறவன் உங்ககிட்ட பாட்டா பாடுவான்?"

"நம்ம ரேடியோவுலயே ஒரு நாள் போட்டதில்லையே?"

"ரேடியோக்காரனுக்கு ரசனை இல்லை. அட்டையைப் பாருங்க, உலகப் புகழ் பெற்றதுன்னு போட்டிருக்கு."

"எங்க பம்ப் டப்பாவுலயும் அதைத்தான் போட்டிருக்கோம். பக்கத்துத் தெருவுல ஒருத்தனுக்கும் தெரியாது."

இப்படியே போகும். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். எங்கள் வீட்டில் பெயர் அவனுக்கு, இடி எனக்கு. இவர் பக்கம் பேசினால் தம்பி முகம் தொங்கிவிடும், தம்பி பக்கம் பேசினால் இவர் இரண்டாவது முறை பரிமாறக் கேட்க மாட்டார். ஆனாலும் அது விளையாட்டாகத்தான் இருந்தது, அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை வரை.

அன்றைக்குப் பேச்சு முற்றி, தம்பி ஏதோ குத்தலாகச் சொல்ல, இவருக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. "ஊர் எல்லையையே தாண்டாதவன் நீ. நீ போற பயணமெல்லாம் மேலயும் கீழயும்தான். உனக்கு உலகத்தைப் பத்தி என்னடா தெரியும்?" என்றுவிட்டார்.

தம்பி தட்டைக் கழுவி வைத்துவிட்டு, கேசட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. கூப்பிட்டுப் பார்த்தேன். "நான் சொல்ற எதுக்கு அங்க மதிப்பு இருக்கு, நான் வர்றதுக்கு?" என்றான். எங்களுக்கு அப்பா அம்மா இல்லை. அவன் வந்து சாப்பிட வேறு வீடும் இல்லை. அவனுடைய நாற்காலி காலியாகவே கிடந்தது. இவரிடம் சண்டை போட்டேன்.

"நான் சொன்னது தப்புன்னா யாராவது வந்து சொல்லட்டும், மன்னிப்புக் கேட்கறேன்" என்றார்.

"யார் வந்து சொல்லுவாங்க? தாடிக்காரங்களா?"

"யாரா இருந்தாலும் சரி" என்று செய்தித்தாளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

அந்த மாதமே அந்த உயரமான கட்டடத்தின் மேல்மாடியில் பம்ப் கண்காட்சி நடந்தது. பல நாடுகளிலிருந்து வாங்குகிறவர்கள் வந்திருந்தார்கள். இவர் கழுத்தில் டை, கையில் பெட்டியோடு போனார். அன்றைக்கு நடந்ததில் உள்ளே நடந்ததை இவர் சொன்னார், வெளியே நடந்ததைத் தம்பி சொன்னான். இரண்டு பேரும் சொல்லாமல் விட்டதைக் கட்டடத்துக் காவலாளி சொன்னார்.

மதியம் கூட்டமாக ஏறிய லிஃப்ட், இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுபோயிற்று. விளக்கும் அணைந்தது. அந்தக் கட்டடத்து லிஃப்டைப் பார்த்துக்கொள்கிற தம்பி ஓடிவந்து பார்த்தபோது உள்ளே அபாய மணி விடாமல் அலறிக்கொண்டிருந்தது. அதற்கு மேல் ஆளுக்கு ஒரு மொழியில் கூச்சல். யாரோ உள்கதவை இழுத்துப் பிளக்கப் பார்ப்பது சத்தத்திலேயே தெரிந்தது. பாதி உயரத்தில் நிற்கும் லிஃப்ட் கதவைத் திறந்து ஒருவர் குதித்தால், கால் தரையில் படாமல் கீழே குழிக்குள் போய்விடலாம். தம்பி மொட்டை மாடி எந்திர அறைக்குப் போய், பிரேக்கைக் கையால் தளர்த்தி, லிஃப்டை மெல்ல இறக்க வேண்டும். அப்படி இறக்கும்போது கதவில் ஒரு கையும் இருக்கக் கூடாது. இதை உள்ளே இருப்பவர்களிடம் எப்படிச் சொல்வது?

தொண்டை கிழியக் கத்தினான். மணிச் சத்தத்தில் ஒன்றும் எடுபடவில்லை. ஸ்பானரால் கதவைத் தட்டினான், சட்டை செய்வாரில்லை. அப்புறம் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றபோது, அவன் கை பழக்கதோஷத்தில் தானாக அந்த டிரம்ஸ்காரனின் கேள்வியைத் தட்டியது: தட், தட், தடதட தட்.

உள்ளே கூச்சல் கொஞ்சம் தாழ்ந்தது. மறுபடி தட்டினான். மணி நின்றது. மூன்றாம் முறை தட்டினான். உள்ளேயிருந்து பதில் வந்தது: பல கைகள், ஒரே நேரத்தில், கைதட்டல்.

தம்பிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. கைதட்டுகிறவன் கதவை இழுக்க முடியாது அல்லவா? காவலாளியின் கையில் ஸ்பானரைக் கொடுத்து, "இதையே விடாம தட்டுங்கண்ணே" என்று காட்டிவிட்டு, படி ஏறி ஓடினான்.

உள்ளே என்ன நடந்ததென்றால், மலை மாதிரி ஒரு மனிதர் கதவைப் பிளந்துகொண்டிருந்தார். ஒரு பெண்மணி மூலையில் அழுதுகொண்டிருந்தார். மணியை விடாமல் அழுத்திக்கொண்டிருந்த கட்டைவிரல் யாருடையது என்று இவர் சொல்லவில்லை. அதைக் காவலாளிதான் சொன்னார்: "உங்க வீட்டுக்காரர்தாம்மா. வெளிய வந்தப்புறமும் விரலை நீட்டிக்கிட்டே நின்னார்." முதல் தட்டுக்கு அந்த மலை மனிதர் கையை எடுத்துவிட்டுக் காதைத் திருப்பினாராம். இரண்டாவதற்கு அழுத பெண்மணி தலையை நிமிர்த்தினாராம். பக்கத்தில் நின்றவர் இவருடைய கட்டைவிரலைப் பிடித்து மணியிலிருந்து எடுத்துவிட்டாராம். மூன்றாவதற்கு எல்லோரும் சேர்ந்து தட்டினார்கள். அதோடு விட்டார்களா? அந்தப் பாட்டைப் பாடவே தொடங்கிவிட்டார்கள். ஒருவர் பேச்சு ஒருவருக்குப் புரியாது, பாட்டு மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இவர் மட்டும் எங்கே தட்டுவது, எப்போது நிறுத்துவது என்று தெரியாமல் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்.

லிஃப்ட் பூனை மாதிரி இறங்கியது. தம்பி கீழே வந்து கதவைத் திறந்ததும் பாட்டோடு கூட்டம் வெளியே வந்தது. மலை மனிதர் தம்பியை அப்படியே தூக்கிச் சுற்றினார். எல்லோரும் போன பிறகு கடைசியாக இவர். மாப்பிள்ளையும் அத்தானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"பாத்து வாங்க அத்தான், கொஞ்சம் படி உயரமா இருக்கு" என்று மட்டும் சொன்னான் தம்பி.

இவர் வீட்டுக்கு வந்ததும் நேராகக் குளிக்கப் போனார். குளியலறையிலிருந்து முணுமுணுப்பு. உற்றுக் கேட்டால் தாடிக்காரர்கள் பாட்டு! கதவைத் தட்டி, வெளியே வரவைத்து, முழுக் கதையையும் வாங்கினேன். "இப்ப ஒத்துக்கறீங்களா?" என்றேன். தலையைத் துவட்டிக்கொண்டே, "அதுல ஒரு சிக்கல் இருக்கே" என்றார். ஆள் விற்பனை அதிகாரி அல்லவா, அவ்வளவு லேசில் விலை இறங்குவாரா?

அந்த ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்தான். ஜெயித்தவன் முகம் போல் இல்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, "அக்கா, ஒண்ணு புரியலை" என்றான். "நான் கேள்வி தட்டினேன், அவங்க பதில் தட்டினாங்க. ஆனா நாலு தட்டு தட்டறாங்க. மூணுதானே? ஒருத்தர் விடாம எல்லாருமே தப்பாத் தட்டறாங்க. அது எப்படி?"

இவர் சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்தார். "அதேதான் நானும் சொல்றேன். உன் பாட்டுல மூணு. எத்தனை ஞாயித்துக்கிழமை கேட்டிருக்கேன்! அவங்க தட்டினது நாலு. அப்ப அது வேற யாரோட பாட்டோ. ராகம் ஒண்ணுபோல இருக்கலாம் மாப்ளே, கூட்டத்துல எனக்கும் சரியா..."

தம்பியின் முகம் கறுத்தது. ஒரு லிஃப்ட் நிறைய ஆட்களைக் காப்பாற்றியவன், இந்த ஒரு தட்டுக்காக எழுந்து போய்விடுவான் போலிருந்தது. போனால் இனி வரவே மாட்டான். எனக்கு வந்த கோபத்துக்கு இரண்டு பேர் தலையையும் பிடித்து முட்டவிட்டிருப்பேன். அப்போதுதான் என் கை ஞாபகம் எனக்கு வந்தது.

"கொடுடா அந்தக் கேசட்டை" என்றேன்.

பென்சிலை விட்டுத் திருகி, நாடாவை வெளியே இழுத்தேன். மஞ்சளித்துப்போன செலோடேப் ஒட்டு தெரிந்தது. இரண்டு பேர் கண் முன்னாலும் நீட்டிப் பிடித்தேன். "இதைப் பாருங்க. இங்க ஒரு விரற்கடை நாடா இருந்தது. நான் வெட்டி எறிஞ்சேன். அதுல என்ன இருந்திருக்கும்?"

நாடாவைச் சுற்றி உள்ளே விட்டு, கேசட்டைப் போட்டேன். தட், தட், தடதட தட். ஒன்று, இரண்டு, மூன்று, துள்ளல். நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி போட்டேன். மூன்றாவது தட்டு விழுந்ததும் பட்டென்று நிறுத்தி, நான்காவதை என் கையால் தட்டினேன்.

இவர்தான் முதலில் புரிந்துகொண்டார். அதைச் சொல்லத்தான் வேண்டும், மனிதர் பிடிவாதக்காரரே தவிர நேர்மைக்காரர். மெதுவாக எழுந்து தம்பியின் தோளில் கையை வைத்தார்.

"மாப்ளே, நீ தட்டினதை அவங்க திருப்பித் தட்டியிருந்தா நான் ஒத்துக்கிட்டிருக்க மாட்டேன். பயத்துல யார் தட்டினாலும் தட்டுவாங்கன்னு சொல்லியிருப்பேன். ஆனா உனக்கே தெரியாததைத் தட்டியிருக்காங்க. உன் பேச்சுதான்டா சரி. இவங்க உலகம் பூரா இருக்காங்க." தோளை ஒருமுறை தட்டிக்கொடுத்தார். "ஊர் எல்லை தாண்டாதவன்னு உன்னைச் சொன்னேன். அந்த லிஃப்டுல அத்தனை பேர் மத்தியில நான் ஒருத்தன்தான் வெளியூர்க்காரன். மன்னிச்சிக்கோ."

தம்பி சிரித்தான், அழுதான், இரண்டையும் ஒரே நேரத்தில் செய்தான். நான் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அவன் தட்டில் சோற்றை அள்ளிப் போட்டேன். இரண்டு கவளம் சாப்பிட்டிருப்பான், சட்டென்று நிமிர்ந்தான்.

"அக்கா, அப்ப அந்தத் துள்ளல்?"

"எந்தத் துள்ளல்?"

"தாளத்தை முழுங்கிட்டு வர்றாங்களே, அது."

"அது நான்டா" என்றேன். "இத்தனை வருஷமா மேதை மேதைன்னு சொன்னியே, அது உங்க அக்கா."

இவருக்குப் புரையேறிவிட்டது. தம்பி தண்ணீரை நீட்டிக்கொண்டே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான்.

இப்போது நல்ல பதிவெல்லாம் எங்கே வேண்டுமானாலும் கிடைக்கிறது. தம்பியும் ஒன்று வைத்திருக்கிறான், நான்கு தட்டும் பழுதில்லாமல் இருக்கிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் ஓடுவது அந்த ஒட்டுப்போட்ட கேசட்தான். டிரம்ஸ்காரன் கேட்பான், மூன்று தட்டு விழும். இரண்டு ஆண்களும் வாயில் வைத்த கவளத்தோடு என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். நான் வெட்டியதை நான்தானே கொடுக்க வேண்டும்? கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, நான்காவதைப் பலமாகத் தட்டுவேன்.